சாட்சிக்காரி

எங்கள் கல்லூரி மாணவர் பத்திரிகையின் ஆசிரியரை நாங்கள் சாட்சிக்காரி என்றுதான் கூப்பிடுவோம். யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் "ரெண்டு பேராவது சொன்னாங்களா?" என்று கேட்டு உயிரை வாங்குவாள். பக்கம் வடிவமைப்பது என் வேலை. மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறையில் இரண்டு வருடம் அவளோடு மல்லுக்கட்டியவன் நான். அவளைப் போல ஒருத்தியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு செய்தி போட்டோம். தேர்வு வினாத்தாளை வேதியியல் ஆய்வக உதவியாளர் முன்கூட்டியே வெளியே விட்டார் என்று. தேர்வுக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் அவரைப் பார்த்ததாக இரண்டு மாணவர்கள் சொன்னார்கள். அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று யோசனை சொன்ன மகா புத்திசாலி நான்தான்.

மறுநாள் காலை அவரே வந்தார், கையில் வருகைப் பதிவேட்டோடு.

"அன்னிக்கு நான் லீவும்மா. பல்லு புடுங்கப் போயிருந்தேன்," என்றார். சத்தம்கூடப் போடவில்லை. "என் பொண்ணு இங்க ஹாஸ்டல்லதான் இருக்கு, முதல் வருஷம். நேத்திலேருந்து வகுப்புக்குப் போகலையாம்."

சாட்சிக்காரி இரண்டு சாட்சிகளையும் தனித்தனியே உட்காரவைத்துத் துருவினாள். இருவருமே எதையும் பார்க்கவில்லை. யாரோ ஒரு அறைத்தோழன் அளந்ததை ஆளுக்கொரு நேரத்தில் வந்து எங்களிடம் ஒப்பித்திருக்கிறார்கள். இரண்டு சாட்சி என்று நாங்கள் எண்ணியது உண்மையில் அரைச் சாட்சிகூட இல்லை.

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். "கடைசிப் பக்கத்துல நாலு வரி வருத்தம் போடு, போதும். இனிமே ஒவ்வொரு இதழும் நான் பார்த்தப்புறம்தான் அச்சுக்குப் போகணும்."

எனக்கு அந்த நாலு வரி ரொம்பப் பிடித்திருந்தது. அவள் தலையாட்டவில்லை.

"முதல் பக்கத்துலயே, அதே அளவுல போடறோம் சார். ஆனா முன்னாடியே உங்ககிட்ட காட்ட மாட்டோம். நீங்க பார்த்து அனுப்பினா, நாளைக்கு ஒரு தப்பு வந்தா உங்களைக் கைகாட்டிட்டு நான் நழுவிடுவேன். இப்ப எனக்கு நழுவ இடமில்ல. அது அப்படியே இருக்கட்டும்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இன்னொரு தப்பு வந்துது, அந்த ரூமுக்குப் பூட்டு."

"சரி சார்," என்றாள், யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி. நான் வாயைப் பிளந்துகொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

அடுத்த இதழில் 'நாங்கள் எழுதியது பொய்' என்பதுதான் தலைப்பு. எப்படி ஏமாந்தோம் என்பதை ஒன்றுவிடாமல் எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டாள். கல்லூரி வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் தானே கொடுத்தாள்.

"அடுத்த வாரம் எதுக்கு மன்னிப்பு?" என்று ஒருவன் நக்கலடித்தான். அவனுக்கும் ஒரு பிரதி கொடுத்தாள்.

ஒல்லியாக ஒரு பெண் வந்து வாங்கி, அங்கேயே நின்று முழுவதும் படித்தாள். உதவியாளரின் மகள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, நான் வகுப்புக்கு வராதது வெட்கத்தால இல்ல," என்றாள். "உங்க பேப்பர்ல வந்தா நிஜமாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன். அப்பா ஒரு வாரமா போன் பண்றாரு. நான் எடுக்கவே இல்ல."

சாட்சிக்காரியின் முகத்தில் ரத்தம் வற்றியதை அன்றுதான் பார்த்தேன். பேப்பர் கட்டை என் கையில் திணித்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஆய்வகத்தை நோக்கி நடந்தாள்.