தம்பிக்குச் செய்த கிட்டார்

பெயிண்டர் அடித்த காரின் கதவைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். இது அவரே சொல்வதுதான், ஆனால் பொய் இல்லை. எதிர்க்கடைத் தையல்காரர் தினமும் காலையில் பட்டறை வாசலில் நிற்கும் ஏதாவது ஒரு வண்டியில் மீசையைச் சரிபார்த்துக்கொண்டுதான் தன் கடையைத் திறப்பார். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. வாளியும் கந்தல் துணியுமாக வண்டி துடைக்கப் போன ஆள், அதே தெருவில் சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டு, நாலு பேருக்கு வேலை கொடுக்கிற அளவுக்கு வந்தார். எவன் காலையும் பிடித்ததில்லை, எவன் சிபாரிசும் கேட்டதில்லை. அடிபட்டு நசுங்கி வந்த வண்டி அவர் கைக்குப் போனால் எங்கே அடிபட்டது என்று அடித்தவனுக்கே தெரியாது.

அவருக்கு ஒரே தம்பி, பன்னிரண்டு வயது இளையவன். பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் வளர்த்தது இவர்தான். "அவனுக்கு அப்பாவும் நான்தான், அம்மாவும் நான்தான்" என்று வருகிறவர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வரும்: "சோறு போட்டு, துணி துவைச்சு வளர்த்தவ இங்க இருக்கேன். பேரு மட்டும் உங்களுக்கா?"

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போயிருந்த தம்பி பகலில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தான். மாலையில் கச்சேரிக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தான். பெயிண்டர் கச்சேரிக்குப் போவதும் உண்டு. மண்டபத்தின் கடைசியில் ஓர் ஐந்து நிமிடம் நிற்பார். மேடையைப் பார்க்க மாட்டார், கூட்டத்தைத்தான் பார்ப்பார். கைதட்டினார்களா, தட்டினார்கள். போதும். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். பாட்டில் அவருக்கு நல்லது கெட்டது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

முதலில் தம்பியின் இடதுகைக் கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. "ஒண்ணுமில்லண்ணே, விரல் லீவு போட்டிருக்கு" என்றான். பிறகு சுட்டுவிரலும் சேர்ந்துகொண்டது. டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, பொறுமையாக, ஒளிக்காமல் சொன்னார். தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வரும் நோய் இது. இடது கையில் தொடங்கியிருக்கிறது. அங்கேயே நிற்காது. திருப்ப மருந்து இல்லை. எத்தனை நாள் என்று யாரும் சொல்ல முடியாது. "கையில தெம்பு இருக்கறப்பவே ஆசைப்பட்டதையெல்லாம் வாசிச்சுக்கோங்க" என்றார்.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெயிண்டரின் டீயில் ஆடை படிந்தது. தம்பிதான் பேசினான்.

"என் கிட்டார் இரும்புப் பெட்டி மாதிரிண்ணே. மாட்டினா தோள் கழண்டுடுது. கழுத்தும் தடி, விரல் சுத்திப் பிடிக்க மாட்டேங்குது. ஒல்லிக் கழுத்தா, லேசா ஒண்ணு இருந்தா இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிடுவேன்."

"அவ்ளோதானே. செஞ்சா போச்சு."

"யாரு செய்யறது?"

"நான்தான். வேற எவன்?"

"அண்ணே, அது பம்பர் இல்ல."

"பம்பர் செய்யறவனுக்கு அது ஒரு பெரிய விஷயமா?"

தம்பி சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தான்.

பெயிண்டர் வீட்டுப் பின்னறையைக் காலி செய்தார். பழைய பாயும் உடைந்த மின்விசிறியும் மொட்டை மாடிக்குப் போயின. தெரிந்த மரக்கடையில் நாள் கணக்காகப் புரட்டி, தட்டிப் பார்த்து, நன்கு காய்ந்த ஒரு பலகையைத் தூக்கி வந்தார். உடலுக்கு வேண்டிய வடிவத்தைத் தம்பி தாளில் வரைந்து கொடுத்தான். எடை குறைய வேண்டும் என்பதால் பலகையின் உள்ளே அறை அறையாகக் குடைந்து, மேலே மெல்லிய தகடாக வேறு மரம் ஒட்டினார். விரல் ஓடுகிற கழுத்துதான் உயிர். அதைச் சீவும்போது தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இரண்டு இழுப்பு இழுப்பார், தம்பியின் கையில் கொடுப்பார். அவன் விரல்களை வளைத்துப் பார்த்து, "இன்னும்" என்பான். மறுபடி இழுப்பார். கடையில் வாங்குகிற எந்தக் கிட்டாருக்கும் அப்படி ஒரு கழுத்து கிடையாது. அது அந்தக் கைக்கு மட்டுமே சீவியது.

மின் இணைப்பு தம்பியின் வேலை. இடது கையால் ஈயக் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. பல்லில் கடித்துக்கொண்டு, வலது கையில் சூடு கோலைப் பிடித்து, மேசைமேல் கவிழ்ந்து கவிழ்ந்து பற்றவைத்தான். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "தம்பி, மூக்கைச் சேர்த்துப் பத்தவெச்சுக்காதீங்க" என்றாள். அந்த நாட்களில் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

வண்டிக்குப் பெயிண்ட் அடிக்குமுன் கதவு, பானெட் எல்லாம் பொருந்துகிறதா என்று ஒருமுறை மாட்டிப் பார்ப்பார்கள். கிட்டாருக்கும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் கழுத்தை உடலோடு முடுக்கி, கம்பிகளைக் கட்டி, வெறும் மரமாகவே தம்பியின் மடியில் வைத்தார். தம்பியின் மனைவியும் வந்திருந்தாள். சின்ன ஆம்பில் இணைத்து, கம்பிகளைச் சுருதி சேர்த்து, தம்பி வாசிக்க ஆரம்பித்தான்.

வாசித்தான், வாசித்தான், வாசித்துக்கொண்டே இருந்தான். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். தம்பி மனைவி தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். பெயிண்டரும் பக்கத்தில்தான் இருந்தார். பல்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, உடலின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ் வளைவில் ஊசிக்குத்து போல மூன்று துளைகள். பட்டி வைத்து அடைக்க வேண்டும். பக்கவாட்டில் உப்புத்தாள் கீறல் ஒன்று. பூச்சு ஏறினால் அது கத்திக் காட்டிக்கொடுக்கும்.

வாசித்து முடித்தபோது தம்பியின் நெற்றி வேர்த்திருந்தது.

"அண்ணே, இது போதும். இப்படியே எடுத்துட்டுப் போறேன்."

"எப்படியே?"

"இப்படியே. கை நல்லா உக்காருது. சத்தமும் நல்லா இருக்கு. பெயிண்ட் கிடக்கட்டும்."

"மொட்டை மரத்தையா? பாக்கறவன் என்னடா சொல்வான்? பெயிண்டர் தம்பிக்குப் பெயிண்ட் அடிக்க ஆளில்லன்னு சொல்வான்."

"எவன் சொல்றான்?"

"சொல்வாங்க. நீ சும்மா இரு. வேர்வை இறங்கினா மரம் கருத்துடும். ஒரு தடவை அடிச்சு முடிச்சுட்டா உன் ஆயுசுக்கும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தம்பியின் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "மாமா, அவர் கேக்கறப்பவே குடுத்துடலாமே."

"ரெண்டே வாரம்மா. கண்ணாடி மாதிரி குடுக்கறேன்."

கம்பிகளைத் தளர்த்தி, கழுத்தைக் கழற்றினார். தம்பி திருகாணிகள் உருண்டு போகாமல் ஒரு கிண்ணத்தில் எடுத்துப் போட்டான்.

மரத்தின் நுண்துளைகளை அடைத்து, தேய்த்து, மறுபடி அடைத்து, மறுபடி தேய்த்தார். நடுவில் ஆழ்ந்த நீலம், ஓரத்துக்குப் போகப் போகக் கறுப்பு. எங்கே நீலம் முடிந்தது, எங்கே கறுப்பு தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி கலந்து அடித்தார். அந்தக் கைவேலைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. அதற்குமேல் நிறமில்லாத மெருகுப் பூச்சு ஏற ஆரம்பித்தபோது மழை பிடித்துக்கொண்டது.

ஈரக்காற்றில் அடித்தால் பூச்சுக்குள் ஈரம் மாட்டி, பால் கலந்ததுபோல வெளுத்துவிடும். பூத்துவிட்டது என்பார்கள் பட்டறையில். வேலைக்கு வந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம். தெரிந்தும், சொன்ன வாக்கு தவறக்கூடாது என்று அடித்தார். பூத்துவிட்டது. தின்னரைத் தெளித்தால் முக்கால்வாசி சரியாகியிருக்கும். ஆனால் முக்கால்வாசி என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. பட்டறைப் பையன்கள் முக்கால்வாசி வேலை செய்தால் வண்டியையே திரும்பத் தேய்க்கச் சொல்கிற ஆள். மரம் தெரிகிற வரைக்கும் தேய்த்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தம்பி போன் செய்வான். "அண்ணே, ஆச்சா?"

"காஞ்சுட்டிருக்கு."

"வெளுத்திருந்தாலும் பரவால்லண்ணே."

"உனக்குப் பரவால்ல. எனக்கு?"

பிறகு ஒருநாள் அவன் மனைவி பேசினாள். போனைப் பிடிக்க அவருக்குக் கை ஓயுது, அதான் நான் பேசறேன் மாமா, என்றாள். அன்றைக்கும் பெயிண்டர் பூச்சின் மூலையில் நகத்தை அழுத்திப் பார்த்தார். நகம் பதிந்தது. இன்னும் காயவில்லை. இளகிய பூச்சில் பாலிஷ் போட்டால் சொரசொரத்துவிடும். பொறுத்தார். பின்னறையில் விளக்கைப் போட்டுவைத்துச் சூடு காட்டினார். "வீடெல்லாம் தின்னர் நாத்தம். குடுத்துத் தொலைங்களேன்" என்றாள் மனைவி. நாற்றத்துக்காக அவள் அதைச் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும்.

கடைசியில் தேய்த்து, பாலிஷ் போட்டு, புதுத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். தம்பி ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தான். துணியைப் பிரித்ததும் அறையின் வெளிச்சம் முழுக்க அதன்மேல் வந்து உட்கார்ந்தது. தம்பியின் மனைவி அதை அவன் மடியில் வைத்து, இடது கையைத் தூக்கிக் கழுத்தின் மேல் வைத்தாள்.

கை கழுத்தில் சரியாகப் பொருந்தியது. விரல்கள் மட்டும் அழுத்தவில்லை. ஒரு கம்பியின் மேல் சுட்டுவிரலை வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்றான். வலது கை தட்டியது. நாதம் வரவில்லை, தகரம் அதிர்வதுபோல ஒரு சத்தம் வந்து செத்தது. வேறு இடத்தில் வைத்துப் பார்த்தான். அங்கேயும் அதே. விரல் வழுக்கி விழுந்தது. அவன் மனைவி அதை எடுத்து மறுபடி வைக்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தான்.

குனிந்து கிட்டாரையே பார்த்தபடி இருந்தான்.

"பெயிண்ட் நல்லா இருக்குண்ணே. என் மூஞ்சி தெரியுது."

பெயிண்டருக்கு வாழ்நாளில் எத்தனையோ பாராட்டு வந்திருக்கிறது. இதைக் கேட்டதும் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனார். அங்கே நின்றார். வண்டிச் சாவியை மறந்துவிட்டோம் என்று தெரிந்தும் திரும்பிப் போக முடியாமல் நின்றார்.

கிட்டாரைச் சுவரில் மாட்டினார்கள். தம்பியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்தார்கள். கச்சேரிக் குழுவின் டிரம்காரர் கிட்டப் போய், விரல் பட்டுவிடுமோ என்று பயந்தபடி, "அண்ணே, ஷோரூம் வண்டி தோத்துது. எப்படி அடிச்சீங்க?" என்றார். எப்போதும் கேட்காமலே விளக்குகிற பெயிண்டர், டிரம்காரருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

தம்பி ஒன்று மட்டும் கேட்டான். கம்பிகள் சுருதியில் இருக்க வேண்டும். வாசிக்காவிட்டாலும் இருக்க வேண்டும். சுருதி இறங்கின கிட்டார் சுவரில் தொங்குவதைப் பார்த்தால் அவனுக்குத் தூக்கம் வராது. எனவே பட்டறை அடைத்ததும் பெயிண்டர் நேராக அங்கே வருவார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாகத் தட்டி, தலைப்பக்கம் இருக்கும் முறுக்காணியைத் திருகுவார். காது தம்பியுடையது, கை இவருடையது.

"ஏத்து. இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து, நிறுத்து, வண்டியா ஓட்டற?"

"சொல்றதச் சரியாச் சொல்லுடா."

பிறகு அந்தக் குரலும் குழற ஆரம்பித்தது. அவன் மனைவி மட்டும்தான் புரிந்துகொண்டு எடுத்துச் சொன்னாள். புருவம் மேலே போனால் ஏற்று, கண்ணை மூடினால் சரி என்று தங்களுக்குள் ஒரு பாஷை வைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு இரண்டு கம்பி முடிந்திருந்தது. மூன்றாவதில் கை வைத்தவர், தட்டாமல் அப்படியே இருந்தார். கொஞ்ச நாளாகவே கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான். தன் மனைவியிடம் கேட்டுப் பார்த்தார், அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டின் பெயர் தெரியவில்லை. நல்லா இருந்தது, அழுகை வந்தது, அவ்வளவுதான் அவள் சொன்னாள். தனியாக உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால் மூன்று ஊசித்துளையும் ஒரு கீறலும் அச்சுப் பிசகாமல் கண்முன் வந்தன. சத்தம் ஒன்று கூட வரவில்லை.

"டேய். அன்னிக்கு வெறும் மரத்துல வாசிச்சியே. அது என்ன பாட்டு?"

தம்பி அவரையே பார்த்தான். பிறகு ஏதோ சொன்னான். பெயிண்டருக்குப் பிடிபடவில்லை. தம்பியின் மனைவியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா சொல்றான்?"

"ஒண்ணுமில்ல மாமா."

"சொல்லும்மா."

"'நீதானே பக்கத்துல இருந்த'ங்கறார்."

பெயிண்டர் தலையை ஆட்டினார். மூன்றாவது கம்பியைத் தட்டினார். தம்பியின் புருவம் மேலே போனது. முறுக்காணியை ஒரு மயிரிழை திருகி, மறுபடி தட்டிவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.