மச்சானோடு மூன்றாம் சுற்று

எங்கள் கல்யாணம் முடிந்து எட்டு மாதம். என் மனைவியின் காக்கா, அதாவது அவளுடைய ஒரே அண்ணன், அதுவரை எங்கள் இருவரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை. அவருக்குக் கத்தாரில் வேலை. லீவு பிந்துகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டிருந்தார். நோன்பு வருகிறதென்று அவசரப்பட்டு நிக்காஹ்வை முடித்துவிட்டோம். அவசரப்பட்டவர்களில் நானும் ஒருவன், அதை மறைப்பதற்கில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் நிந்தவூரிலிருந்து மருதமுனைக்குப் போனேன். அந்த வீட்டைக் கத்தாரில் உழைத்துக் கட்டியவரே காக்காதான். கட்டி முடித்த பிறகு அவர் அதற்குள் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அவர் கட்டிய வீட்டில் நான் கால் நீட்டிப் படுக்கிறேன், அவர் எனக்கு முகம் கொடுக்கிறாரில்லை. சோறு தொண்டையால் இறங்குமா?

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவியின் போனுக்கு ஒரு வரி வந்தது. ‘மாப்பிள கேம் விளையாடுவாராமே. மூணேகாலுக்கு ஒன்லைனுக்கு வரச்சொல்லு.’ எட்டு மாதத்தில் முதல் வரி. அவள் அதை நாலு தடவை வாசித்தாள்.

அது குங்ஃபூ சண்டை கேம். பெரிய அடி ஒன்று விழுந்தால் கமரா சுற்றிச் சுழலும், மழைத்துளி மெதுவாக இறங்கும், படத்தில் வருகிற மாதிரி ஒரு காட்சி ஓடும். அந்த ஐந்தாறு வினாடிக்கு இரண்டு பேரின் விரலுக்கும் வேலையில்லை. ஹெட்செட்டில் கதைப்பதென்றால் அந்த இடைவெளியில்தான்.

“இஞ்சருங்க, தோத்துக் குடுங்க. காக்காட மனசு ஆறட்டும்,” என்றாள் பக்கத்தில் இருந்தவள், ஆட்டம் தொடங்குமுன்.

“வேணுமெண்டு தோத்தா அவருக்கு விளங்காதா? மறுகா கோவம் இன்னும் கூடும்.”

பெரிய நியாயம்! உண்மையில் எனக்குத் தோற்கப் பிடிக்காது, அவ்வளவுதான்.

முதல் சுற்று எனக்கு. காட்சி ஓடும்போது ஸலாம் சொன்னேன். பதில் சொல்வது கடமை என்பதால் வாய்க்குள் முணுமுணுத்தார். இரண்டாம் சுற்றில் என்னைப் போட்டு வெளுத்தார். நிக்காஹ் அன்றே அடிக்க வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்து அடித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாம் சுற்றில் இருவருக்கும் உயிர் ஒரு சிவப்புக் கோடாகத் தேய்ந்துவிட்டது. எவன் ஒரு அடி அடித்தாலும் முடிந்தது கதை. நான் வென்றால் அவர் அப்படியே போய்விடுவாரோ என்று அப்போதுதான் பயம் வந்தது.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், கை தானாகவே கொன்ட்ரோலரை வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்து டீவியின் சத்தத்தை அடைத்தது. ஒன்லைன் ஆட்டத்தை நிறுத்த முடியாது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. திரையில் என் ஆள் கையைத் தொங்கப்போட்டு நின்றான். அவருடைய ஆள் ஓடி வந்தான். மனைவி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

பாதி வழியில் அவனும் நின்றுவிட்டான்.

நேரம் ஓடி முடிந்தது. சமம் என்று திரையில் விழுந்தது. என் ஹெட்செட்டின் மைக் திறந்தபடி கிடந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருக்கு இரைச்சலாக இருக்குமென்று அதை மூடப் போனேன்.

“மச்சான், மைக்க மூடாதீங்க.”

பாங்கு முடியும்வரை வேறு சத்தமில்லை. பிறகு கேட்டார்.

“பள்ளிப் பக்கத்து ஜன்னலா திறந்திரிக்கி?”

“ஓம் மச்சான்.”

“வீடு கட்டின மேசன் அதுல ஜன்னல் வேணாமெண்டான். நான்தான் ஒத்தக்கால்ல நிண்டு வைக்கச்சொன்ன.”

“நாங்க பொறுத்திரிக்கணும் மச்சான். எங்கட பிழைதான்,” என்றேன்.

“தங்கச்சிக்கிட்டக் குடுங்க,” என்றார்.

ஹெட்செட்டைக் கழற்றி அவள் காதில் வைத்தேன். “காக்கா” என்றாள். நான் எழும்பிப் போய், ஜன்னலின் மூடிக்கிடந்த மற்றக் கதவையும் திறந்துவிட்டேன்.