விடுபட்ட கிணறுகள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் ஆராய்ச்சி மாணவி. நல்லூர்ப் பக்கம் சாயத்தண்ணீர் இறங்கிய கிணறுகளில் மாதாமாதம் உப்பு அளப்பது என் வேலை. மோட்டார் ஓடும்போது குழாயில் விழும் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும். எங்கள் தோட்டத்துக் கிணறும் அதில் சேர்த்தி. பாட்டிலோடு போய் நின்றால் அப்பாவே மோட்டாரைப் போட்டுவிடுவார்.

அளவுகளைப் புள்ளியியல் மென்பொருளில் ஏற்ற வேண்டும். கிணற்றுக்கு ஒரு வரி, எண்களுக்கு நடுவே காற்புள்ளி. எழுத்து கிடந்தாலோ கட்டம் காலியாக இருந்தாலோ அது அந்த வரியில் நின்றுவிடும். சில கிணறுகளுக்கு, பிந்தைய மாதங்களில் எங்களுடையதற்கும், அளவெடுக்க வழியில்லாமல் 'மோட்டார் கழட்டியாச்சு' என்று நான் குறித்திருந்ததையெல்லாம் அழித்தேன். அந்தக் கட்டங்கள் காலியாகின.

"காலி இருக்கற வரியெல்லாம் எடுத்துரும்மா" என்றார் என் பேராசிரியர்.

"சார், அதெல்லாந்தானுங்க ரொம்பக் கெட்டுப்போன கிணறு."

"முழுசா இல்லாத டேட்டா டேட்டாவே இல்லை."

நான் தயங்கியதும் அவரே உட்கார்ந்து அழித்தார். உப்பின் சராசரி குறைந்து அழகாக வந்தது.

கையேட்டைப் புரட்டியபோதுதான், காலிக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும் என்று தெரிந்தது. எல்லா வரிகளையும் திரும்பச் சேர்த்தேன். உள்ளே போயின, சராசரி எகிறியது. அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

"அறிக்கை போன வாரமே கவர்மெண்டுக்குப் போயிருச்சு." தாளை அவர் தொடக்கூட இல்லை.

'பெரும்பாலான கிணறுகள் பாசனத்துக்கு ஏற்றவை' என்ற அறிக்கை வரியைச் சாயப்பட்டறைக்காரர்கள் ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டினார்கள். அப்பா கூட்டத்திலிருந்து நேராக என்னிடம் வந்தார்.

"ஏங் கண்ணு, நம்ம கெணறு அதுல வர்லியா?"

"எடுத்துட்டாங்கப்பா. மோட்டாரைக் கழட்டுன பொறகு அளவு இல்லீங்களே."

"கெட்டுப்போச்சுன்னுதான கழட்டுனோம்?"



அறிக்கையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அதை மட்டும் உடனே செய்தார்கள். ஆராய்ச்சி அதோடு நின்றது. பல்லடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானேன். பேராசிரியர் துறைத்தலைவரானார்.

அப்பா மாடுகளை விற்றுவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அங்கே குடிக்க லாரித் தண்ணி வைக்கிறார்கள், நல்லா இருக்குது என்று ஒருநாள் சொன்னார்.