புறமுதுகு காட்டிய அஞ்சலாட்சி

சுவரைப் பார்த்தபடியே அஞ்சலாட்சி சாம்பார் ஊற்றுகிறார். கை மட்டும் பின்னால் நீள்கிறது. சாம்பார் தட்டில் விழுந்தால் அது சாப்பிடுகிறவரின் திறமை; தொடையில் விழுந்தால் அவருடைய கவனக்குறைவு. "தட்ட நேரா புடியேன், அங்க என்னா வேடிக்க?" என்ற அதட்டலும் சுவரில் பட்டுத்தான் நம்மிடம் வந்து சேரும்.

மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையோரம் இருக்கும் இந்த இட்லிக் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், அம்மாளுக்கு ஏதோ கோபம் என்று பாதி இட்லியில் எழுந்துவிடுவதுண்டு. அவர்களுக்காகவும் வருங்காலச் சரித்திர ஆசிரியர்களுக்காகவும் உண்மையைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சென்ற வருடம், எண்பத்தொன்றில், உலகம் சுற்றிக்கொண்டிருந்த மெட்ராஸ் ஐ புதுச்சேரிக்கும் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாவும், அவர் பாக்கெட்டில் கைவிடக் காத்திருந்தவனும் ஒரே மாதிரிக் கறுப்புக் கண்ணாடியில் உலவினார்கள். சமத்துவம் இவ்வளவு சுலபம் என்று எந்தக் கட்சிக்கும் அதுவரை தோன்றவில்லை. சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குத் தினக்கூலியாகப் போய்வந்த எங்கள் பகுதி இளைஞர்களை, கண் சிவந்த குற்றத்துக்காக வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கண் வெளுத்தபோது அவர்கள் இடத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள். கண் சிவந்திருந்த நாட்களில் டீக்கடைக்காரர்கள் எங்கள் பையன்களுக்குக் கிளாஸ் கொடுக்கவே பயந்தார்கள்.

அஞ்சலாட்சி மட்டும் அவர்களுக்குத் தட்டு வைத்தார். ஆனால் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது அவருடைய வைத்திய சாஸ்திரம். கையால்தான் பரவும் என்று கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒருவர் சொன்னதை எடுத்துச் சொன்னேன்.

"அவுரு படிச்சவரு, சொல்வாரு. எனுக்குக் கண்ணு போச்சின்னா நீங்களா சார் வந்து இட்லி ஊத்துவீங்க?"

அன்று சுவர்ப்பக்கம் திரும்பியவர்தான். தட்டுகளை மட்டும் கொதிக்கிற நீரில் போட்டு எடுத்தார். "சுடுதண்ணிக்குக் கண்ணா இருக்கு, வந்துடப் போவுது!"

நோய் போயிற்று, முதுகு திரும்பவில்லை. காரணம் அம்மாவாசை என்ற ஒருவன். வேலை போன பையன்களில் ரோஷம் அதிகமுள்ளவன். வேலையில்லாதவன் தட்டு நீட்டுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று, சொந்த ஊருக்கே திரும்பிவிட மூட்டை கட்டி, சொல்லிக்கொள்ள வந்தான்.

"டேய், உன்ன யாருடா பாக்குறது? நானே சொவத்தப் பாத்துகினு இருக்கேன். குந்து."

"வேல கெடச்சதும் வந்து சாப்புடுறேங்க்கா."

"வெறும் வயித்தோட போனா எவன்டா குடுப்பான் வேல? குந்துடான்னா!"

குந்தினான். மற்றவர்களும் குந்தினார்கள். நாலாவது இட்லி கேட்கக் கூசும் தட்டில் கேட்காமலே அது விழும். முதுகுக்கு எண்ணத் தெரியாது என்பதால் யாருக்கும் கௌரவக் குறைவில்லை. புறமுதுகு காட்டுவது தமிழர்க்கு இழுக்கு என்று எழுதிவைத்தவர்கள் இந்தக் கடையில் சாப்பிட்டதில்லை.

மேஸ்திரி யாராவது பசியோடு வந்து உட்கார்ந்தால் கதை வேறு. "உங்க பட்டறையில ஆளு எடுக்குறாங்களா?" என்று சுவர் கேட்கும். பதில் வரும்வரை சாம்பார்க் கரண்டி அந்தரத்தில் நிற்கும். சாம்பாரில்லாத இட்லியை முறைத்தபடி மேஸ்திரி கலியமூர்த்தி ஒரே வாரத்தில் இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டார். அதில் ஒருவன் என் மகன். வேலை போனதை வீட்டில் மறைத்து, நான் வராத நேரமாகப் பார்த்து தினமும் அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறான். என்னிடம் அந்த அம்மாள் மூச்சு விடவில்லை. இதற்குமேல் எழுதினால் சரித்திர ஆசிரியனின் நடுநிலை கெட்டுவிடும்.

போன வாரம் அம்மாவாசை காக்கிச் சட்டையில் வந்து தட்டை நீட்டினான்.

"அக்கா, வேல கெடச்சிடுச்சிக்கா. நாலு வையி."

பின்னால் நீண்ட கை நின்றது. அஞ்சலாட்சி கரண்டியைக் குண்டானில் போட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுசாகத் திரும்பி, காலரிலிருந்து செருப்புவரை அவனை ஒருமுறை பார்த்தார். பக்கத்தில் இன்னொரு தட்டு தயங்கித் தயங்கி நீண்டது. சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.