ஆட்டுத்தோல் கோட்டும் ஆறு மூட்டைப் பனியும்

ஒன்பது வருசமாச்சு, எனக்கு இன்னும் ஆறவில்லை. சம்பந்தி வீட்டார் பத்துப் பேர் முன்னால் நர்ஸ் சைரகுல் என்னைக் கேட்டாள்: "அண்ணனைக் கொல்லத்தான் வந்தியா?"

நான் செய்த குற்றம், எசென் அண்ணன்மேல் என் ஆட்டுத்தோல் கோட்டைப் போர்த்தியது.

கூரைப் பனியைத் தள்ளும்போது அண்ணன் சாய்ந்தான். இதயம் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்து ஓடவைத்தார்கள். கண் மட்டும் திறக்கவில்லை. உடம்புச் சூட்டை முப்பத்து மூன்று டிகிரிக்கு இறக்கி ஒரு நாள் வைத்தால் மூளை தப்பலாம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கில்கூடத் துணி திணிக்கிற ஜனம் நாங்கள். வெற்றுடம்பாகக் கிடப்பவனைப் பார்த்துச் சும்மா இருப்பேனா? சைரகுல் அந்தப் பக்கம் திரும்பியதும் போர்த்தினேன். இறங்கின சூடு ஏறிவிட்டது.

"ஐஸும் தீர்ந்துபோச்சு. உன் லாரியை எடுத்துட்டு நாரின் ஆத்தோரம் போ, பனி அள்ளிட்டு வா. குதிரை நின்ன இடத்துல அள்ளாதே, மஞ்சப் பனி எனக்கு வேண்டாம்!" என்று விரட்டினாள்.

ஆறு மூட்டை கொண்டுவந்தேன். பைகளில் நிரப்பி, துணி சுற்றி, அக்குளிலும் கழுத்தோரமும் தொடையிடுக்கிலும் வைத்தாள்.

அண்ணி புலம்பினாள்: "ஆட்டுக்கறிய வைக்கிற மாதிரி வெச்சிருக்காளே!"

"கெட்டுப்போகாம இருக்கத்தானேக்கா கறியையும் வைக்கிறோம்?" என்றாள் சைரகுல்.

பனியில் மலைக்கணவாய் மூடிக்கிடந்ததால் மாற்று நர்ஸ் வரவில்லை. சைரகுல் நாற்காலியிலேயே கொஞ்சம் கண்ணயர்வாள், எழுந்து பை மாற்றுவாள். மறுநாள், "இப்பவாவது போர்த்தலாமா?" என்றேன்.

"மணிக்குக் கால் டிகிரிதான் ஏத்தணும். நான் மேய்ப்பன் மகள். பனியில விறைச்ச குட்டியைச் சின்ன வயசுல அடுப்போரம் கிடத்தி, அவசரத்துல சாகடிச்சவ. உங்க அண்ணனை அப்படி விடமாட்டேன்."

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கியது. அடுத்த நிமிஷமே, "வழியில நிக்காதே, மாடு" என்றாள்.

மூன்றாம் நாள் காலை தொண்டைக் குழாயை எடுத்தார்கள். எல்லோரும் அவன் வாயையே பார்த்தோம். அண்ணன் என்னை முறைத்தான். "கூரைப் பனியைத் தள்ளிட்டியா, சோம்பேறி?"

அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். புத்தி அப்படியே இருந்தது, திமிரும் இருந்தது.

சைரகுல் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். விரலெல்லாம் பீட்ரூட் நிறம். பல் தந்தியடித்தது. அந்த மாசமே ஓஷ் நகரத்திலிருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டாள், அப்புறம் பார்க்கவில்லை. அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"டேய், அந்தக் கோட்டு எங்கே? என்மேல போர்த்து."