சித்தப்பா கொண்டுவந்த சாமி

ஆளில்லாத கட்டடத்தை இடிப்பதற்கும் விதிமுறை உண்டு என்பதை நான் எட்டு வயதில், பிரிக்பீல்ட்சில், என் சித்தப்பாவின் புண்ணியத்தில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு பழைய மாடிவீடு. சொந்தக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள். கூரை சரிந்து, பலகைத் தரை உளுத்துக் கிடந்தது. சுவர் மட்டும் எங்கள் அடுப்படிப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாய்ந்துகொண்டே வந்தது. மழை பிடித்துவிட்டால் அம்மாவுக்குச் சமையல் ஓடாது. அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டுக் கொட்டகை. திட்டிப் பார்த்தார்கள், அடித்துப் பார்த்தார்கள், நாங்கள் அடங்கவில்லை. ஒருநாள் அதன் வாசலில் மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் அப்பிய கல் ஒன்று நின்றது.

"முனியாண்டி வந்து உக்காந்துட்டாரு. உள்ள காலு வச்சீங்க, அவ்வளவுதான்," என்றார் சித்தப்பா.

பிள்ளைகள் போவது நின்றது. பெரியவர்கள் போக ஆரம்பித்தார்கள். முதலில் எலுமிச்சம்பழம், அப்புறம் சுருட்டு, அப்புறம் தலைக்கு மேலே ஒரு தகரம். எதிர்வீட்டுச் சீனப் பாட்டிகூட ஊதுவத்தி கொளுத்தினார்.

பிறகுதான் நகராட்சியிலிருந்து கவுன்சில்காரர் வந்து நோட்டீஸ் ஒட்டினார். தவணைக்குள் சொந்தக்காரர் வராவிட்டால் வீட்டை இடித்து, அந்த இடத்தில் விளையாட்டுத் திடல் போடுவார்களாம். அம்மா அன்று பாயசம் வைத்தார். தவணை முடிந்து புல்டோசரும் வந்தது. டிரைவர் இறங்கினார், கல்லைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார்.

"அண்ணே, நான் கை வைக்க மாட்டேன்லா. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

கவுன்சில்காரரும் கையை விரித்தார். "கும்புடுற எடம் இருந்தா, கும்புடுறவங்கதான் மொதல்ல எடுத்து வைக்கணும் பாஸ், அதான் ரூல். சாயங்காலத்துக்குள்ள எடுங்க. இல்லன்னா மிஷின் செலாயாங் வேலைக்குப் போயிரும். மறுபடி எப்ப வரும்னு சொல்ல முடியாது."

யாருக்குத் துணிச்சல் வரும்? அப்பா தம்பியைப் பார்த்தார். "கூட்டிட்டு வந்தவன் நீதானே. நீயே கூட்டிட்டுப் போ."

சித்தப்பாவுக்கு வியர்த்துவிட்டது. குளித்து, ஈர வேட்டியோடு வந்து, சூடம் காட்டி, கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. தூக்கும்போது துணி நழுவியது. கல்லின் நுனியில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. காணோம் காணோம் என்று அம்மா வீடெல்லாம் தேடிய எங்கள் அம்மிக்குழவி.

"அம்மா, இது நம்ம..."

"தெரியும். கும்புடு," என்றார் அம்மா, மூடிய கண்ணைத் திறக்காமலே.

கல் தெருமுனை வேப்பமரத்தடிக்குப் போனது. இருட்டுவதற்குள் சுவர் விழுந்தது, எங்கள் பக்கம் அல்ல. மறுநாள் காலையில் அடுப்படிக்குள் வெயில் வந்திருந்தது.

அம்மா வேறு குழவி வாங்கிக்கொண்டார். புதுத் திடலில் ஊஞ்சல் உயரே போகும்போதெல்லாம் எனக்கு வேப்பமரத்தடி தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அங்கே அம்மா நிற்பார். சித்தப்பாவும் நிற்பார், தன் கையாலேயே துணி சுற்றிய கல்லின் முன்னால். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். பிறகு எதற்கு அப்படிக் கைகூப்பி நிற்கிறார்கள் என்று யோசிப்பதற்குள் ஊஞ்சல் என்னைக் கீழே கொண்டுவந்துவிடும்.