எண்பதில் வரும் நடுக்கம்

ஜூன் ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். ஊரார் சாக்பீஸ் என்று அழைத்த டயர்க்கடைக்காரரை அவள் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவில் நிற்பதற்குக் காரணம் உண்டு. மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றின்மீதும் நாளும் மணியும் எழுதிப் பழகிய கை அவளுடையது. கடையில் பெயர் எழுதக் கொடுத்த சீட்டிலும் பழக்கத்தில் அதையே எழுதிவிட்டாள்.

அவர் சீட்டை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "நிமிஷம் வரைக்கும் போட்டிருக்கீங்களே. வண்டி பொறந்த நேரமா இது?" என்றார்.

சிரிக்கும் நிலையில் அவள் இல்லை. வண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது, எழுபதில் ஒன்றுமில்லை, நூறைத் தாண்டினால் அடங்குகிறது, எண்பதில் மட்டும் குளிர் கண்ட குழந்தையைப் பிடித்திருப்பதுபோல் இருக்கிறது. ஆய்வகம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நெடுஞ்சாலையில் போகவர இரண்டு வேளையும் அந்த நடுக்கம்.

வண்டி சிவப்பு நிறத்தது. பின்கதவு மேலே திறக்கும் சின்ன வண்டிதான்; ஆனால் இழுவையில் பெரிய வண்டிகளுக்குச் சளைக்காதது. நாற்பத்தாறாம் வயதில், யாரையும் கேட்காமல் அவள் தனக்கென்று வாங்கிய முதற்பொருள் அது. வாங்கிய மாதமே தம்பி வந்து வாசலில் ஜாக்கி வைத்தான். ஒரே பிற்பகலில் பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் சக்கரங்களையும் அகல டயர்களையும் மாட்டினான். பிரேக்குக்குச் சிவப்புப் பூச்சு அடித்தான். புகைக்குழாய் முனையில் பளபளக்கும் உறை ஒன்றைச் செருகினான். "இப்பத்தான்கா வண்டிக்கே களை வந்திருக்கு" என்று சொல்லிப் பழைய சக்கரங்களை அன்றே விற்கவும் எடுத்துப்போனான். அதன்பின் மூன்று வாரம் அவள் விடுப்பில் இருந்தாள். வண்டி ஊருக்குள் மட்டும் ஓடியது. ஒரு பள்ளத்தில் சத்தத்தோடு இறங்கியும் எழுந்தது. நெடுஞ்சாலைக்குத் திரும்பிய முதல் நாள் நடுக்கம் வந்தபோது, குற்றம் சக்கரத்துடையதா, பள்ளத்துடையதா, தன் கையுடையதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவள் கணவர் நில அளவையர். கோணல் எதையும் பொறுக்காதவர். ஒரு நாள் உடன் வந்து நடுக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். "ஜூலை கடைசி வரைக்கும் பார். வண்டியில கோளாறுன்னா வித்துடலாம். உன் கையில கோளாறுன்னாலும் வித்துடலாம். மூணாவதா ஒண்ணு இருந்தா சொல்லு" என்றார். அவர் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் ஏற்கெனவே தயாராயிருந்தார். வண்டி கை நழுவிவிடும் என்ற அச்சத்தோடுதான் அவள் சாக்பீஸைத் தேடி வந்தாள். கணவரின் சொற்களையும் ஒன்று விடாமல் அவரிடம் ஒப்பித்தாள்.

சாக்பீஸ் வண்டியைத் தொடவில்லை. வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஆறு கிலோமீட்டர் ஓடி வந்த டயரில் காற்றைப் பார்த்தால் அது பொய்க் கணக்கு என்றார். ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்தி, ஆறியபிறகு அளந்தார். நான்கு டயர்களின் பக்கவாட்டிலும் முன்வலம், முன்இடம், பின்வலம், பின்இடம் என்று வெள்ளை எழுத்துகள் ஏறின. அவற்றின்கீழ் காற்றின் அளவு ஏறியது. எழுதியது பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் அன்று. தட்டையான தையற்காரச் சாக்பீஸ். கடையை ஒட்டிய அறையில் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, தான் வாங்கும் சாக்பீஸில் பாதியை இந்த மனிதர் டயருக்கே தின்னக் கொடுத்துவிடுகிறார் என்று எவரிடமும் குறைசொல்வார்.

இளமையில் நெடுந்தூர லாரிகளுக்கு டயர் மாற்றியவர் அவர். காற்றடிக்கும் யந்திரத்தின் பக்கத்திலேயே நின்று நின்று இடக்காது மந்தமாகிவிட்டது. ஆகவே பேச வருபவர்கள் தாமாகவே அவருக்கு வலப்புறம் வந்து நிற்பார்கள். சொந்தமாக அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள் மட்டுமே. அதன் டயர்களிலும் சாக்பீஸ் எழுத்து உண்டு.

காற்றைச் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்றார். அவளுக்குத் திகைப்பாயிருந்தது. சக்கரச் சமநிலை பார்க்க வேண்டாமா, டயர்களை இடம் மாற்ற வேண்டாமா என்று கேட்டாள்.

"ஒரு தடவைக்கு ஒரு வேலைதான்மா. மூணையும் ஒரே நாள்ல செஞ்சு நடுக்கம் நின்னுட்டா, எது நிறுத்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மற்ற வாடிக்கையாளர்கள் அந்தப் பேச்சைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வது வழக்கம். ஆய்வகத்துக்காரியான அவளுக்கோ அது தாய்மொழிபோல் கேட்டது.

காற்றுக்கு நடுக்கம் மசியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சமநிலை பார்த்தார். யந்திரத்தில் சக்கரத்தைச் சுழற்றி, விளிம்பில் சின்னஞ்சிறு ஈயத்துண்டுகளை ஒட்டி, முள் பூச்சியத்தில் நிற்கும்வரை விடவில்லை. திரும்ப மாட்டி நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முறுக்கினார். அன்று நடுக்கம் நின்றுபோயிற்று. அவள் எண்பதிலேயே ஆய்வகம் வரை போய், எண்பதிலேயே திரும்பினாள். மூக்கு உடைபட்டது போலிருந்தாலும் கணவரும் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னார்.

ஆனால் உள்விளிம்பு சற்றுத் தேய்ந்திருக்கிறதென்று ஜூன் முப்பதாம் நாள் முன்டயர்களைப் பின்னுக்கும் பின்டயர்களை முன்னுக்கும் மாற்றினார். நடுக்கம் திரும்பி வந்தது. முன்னைவிட மோசமாக வந்தது. அப்படியானால் பின்னாலிருந்த டயரில் ஒன்று கெட்டது என்று அவர் முடிவுகட்டினார். அதைக் கழற்றி வேறிடத்தில் மாட்டினார்; குறைந்தது. பழைய இடத்திற்கே கொண்டுவந்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஜூலை இருபதுக்குள் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துக் கடைச்சுவரில் சாக்பீஸால் போட்ட கட்டங்கள் பலகணிக்கு அருகே வரை போய்விட்டன. எந்தக் கட்டமும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருவரும் அச்சுவரின்முன் நின்றார்கள். வாழ்நாளெல்லாம் தன்னைக் கைவிடாத வழிமுறை இந்தச் சிவப்பு வண்டியிடம் மட்டும் ஏன் இப்படித் தோற்கிறது என்று அவருக்கும் புரியவில்லை. "உங்க வண்டி என்னைக் கேலி பண்ணுதும்மா" என்றார். முதன்முறையாக அவர் குரலில் களைப்பு தெரிந்தது.

ஜூலை இருபத்தெட்டு. கெடுவுக்கு மூன்று நாளே பாக்கி. வாங்கும் ஆள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. வேறு வழி தெரியாமல் அவள் தன் தொழிலில் கண்ட ஒன்றைச் சொன்னாள்:

"எங்க லேப்ல ஒரே இரத்தத்தை ரெண்டு தரம் ஓட்டிப் பார்ப்போம்ணா. ரெண்டு தரமும் வேற வேற எண் வந்தா, கோளாறு இரத்தத்துல இல்லை."

சாக்பீஸ் எழுந்து ஜாக்கியை எடுத்தார். பிறகு முன்இடச் சக்கரத்தைக் கழற்றினார். ஒன்றும் செய்யாமல் அதே இடத்தில் மாட்டினார். ஓட்டிவிட்டு வரச் சொன்னார். இருபது நிமிடத்தில் திரும்பியவள், நடுக்கம் இரட்டிப்பாகிவிட்டது என்றாள்.

"ஒண்ணுமே மாத்தல. ஆனா மாறியிருக்கு" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். மறுபடி சக்கரத்தைக் கழற்றி, இம்முறை டயரைப் பார்க்காமல் சக்கரத்தின் நடுத்துளையைப் பார்த்தார். அதை அச்சுமுனையில் வைத்து, இடைவெளியில் சுண்டுவிரல் நகத்தை நுழைத்தார். நகம் உள்ளே போயிற்று.

அவர் விளக்கினார். இத்தகைய சக்கரங்களைப் பல வண்டிகளுக்கும் பொதுவாகச் செய்கிறார்கள். நடுத்துளை பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை அடைக்க நான்கு பிளாஸ்டிக் வளையங்கள் சக்கரப் பெட்டியோடு வரும். அவை இல்லாவிட்டால் சக்கரம் மையத்தில் உட்காராது. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் வேறு வேறு விதமாக உட்காரும். ஒருநாள் தற்செயலாகச் சரியாக உட்கார்ந்தது. அதைத்தான் சமநிலை குணப்படுத்தியதாக இருவரும் நம்பினார்கள்.

"பெட்டியில நாலு வளையம் இருந்திருக்குமே. எங்கம்மா அது?"

தம்பி ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிற்பகலில், பெட்டியைச் சுத்தம் செய்தவள் அவள்தான். சின்ன உறையில் நான்கு கறுப்பு வளையங்கள் இருந்தன. சக்கரம் அடிபடாமலிருக்கப் பொதிந்து வைத்தவை என்று எண்ணினாள். ஆய்வகத்தில் உருண்டை அடிக் குடுவைகள் மேசையில் நிற்காமல் உருள்வது நெடுநாள் தொல்லை. கொண்டுபோய் வைத்தாள், அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தின. ஒவ்வொன்றிலும் குடுவை ஒன்று, குடுவை இரண்டு என்று சீட்டும் ஒட்டியிருந்தாள்.

"லேப்ல இருக்கு" என்றாள். வலப்புறம்தான் நின்றிருந்தாள். அவர் தலையசைத்துவிட்டு, மறுநாள் கொண்டுவரச் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் கணவரும் உடன் வந்தார், விற்பதற்குமுன் கடைசி வார்த்தையைக் கேட்டுவிட. அவர் வாசலில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கைப்பையிலிருந்து வளையங்களை எடுத்து நீட்டினாள். சாக்பீஸ் அவற்றை வாங்கி, ஒட்டியிருந்த சீட்டுகளைக் கட்டைவிரல் நகத்தால் உரித்து, உருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கணவர் உள்ளே வந்தார்.

"கடைசியில என்னதான் கோளாறு?"

அவள் வாய் திறந்தாள். சாக்பீஸ் முந்திக்கொண்டார்.

"என் தப்புதான் சார். சக்கரத்தைக் கழட்டினப்ப இந்த வளையத்தை எடுத்து வச்சேன். திருப்பிப் போட மறந்துட்டேன்."

"ரெண்டு மாசமா இவளை அலைய விட்டது நீங்கதானா?"

"ஆமா சார்."

கடைக்கு வரும் முன்பே நடுக்கம் இருந்தது என்பதைக் கணவர் அந்தச் சமயம் எண்ணிப் பார்க்கவில்லை. கோபம் கணக்குப் பார்ப்பதில்லை. அலுவலக ஜீப் மூன்றும் இவரை நம்பித்தானே வருகின்றன என்று ஆரம்பித்து, நான்கு பேர் முன்னிலையில் நறுக்கு நறுக்கென்று கேட்டார். சாக்பீஸ் கேட்டுக்கொண்டே வளையங்களைத் துளைகளில் அழுத்தி, சக்கரங்களை மாட்டி, நட்டுகளை முறுக்கினார். நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை முறுக்கிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவள் சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள்.

திரும்பும் வழியில் எண்பதில் ஸ்டியரிங் அசையாமல் கிடந்தது. "வண்டி நல்ல வண்டிதான். ஆளுதான் சரியில்ல" என்றார் கணவர். விற்கும் பேச்சு அன்றோடு ஓய்ந்தது. அடுத்த வாரமே மூன்று ஜீப்புகளும் எதிர்ச்சாரிக் கடைக்கு மாறின. சாக்பீஸுக்கு மறதி வந்துவிட்டது என்ற செய்தியும் ஊரில் பரவியது. கடையைவிட்டுப் போகும்போது வாடிக்கையாளர்கள் விளையாட்டாக நட்டுகளை எண்ணத் தொடங்கினார்கள்.

அவள் ஒருநாள் துணிந்து போய், வீட்டில் உண்மையைச் சொல்லிவிடப் போவதாகக் கூறினாள்.

"நானும் அந்தச் சக்கரங்களை எத்தனை தடவை கழட்டி மாட்டியிருக்கேன். பார்க்காதது யாரு?" என்றார் அவர். "சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்மா. காத்து பார்த்துடுவோமா?"

அது மன்னிப்பா, வெறும் நியாயமா, தன்மீதே அவருக்கிருந்த எரிச்சலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இன்றுவரை பிடிபடவில்லை. அன்று வீட்டுக்குப் போனாள், சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. நாள் தள்ளத் தள்ளச் சொல்வது கடினமாயிற்று.

ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மாதம் ஒருமுறை, வண்டி சூடாகாத காலை நேரத்தில், அவள் காற்றுப் பார்க்கப் போகிறாள். அவர் நான்கு டயர்களிலும் எழுதுகிறார். உள்விளிம்புத் தேய்மானத்தைக் கையால் தடவிப் பார்க்கிறார். தம்பி புதிதாக எதையாவது மாட்டினானா என்று விசாரிக்கிறார். எதிர்ச்சாரியில் மூன்று ஜீப்புகள் வரிசையாக நிற்கும் நாள்களும் உண்டு. அவற்றைத் திருப்பி அழைத்துவர அவளுடைய ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை அவர் ஒருமுறையும் கேட்டதில்லை.